கடலுக்குள் ஒரு மதில்

இராமேசுவரம் சென்றவர்களுள் பெரும்பாலோர் தனுஷ்கோடிக்கும் போய் வந்திருப்பீர்கள். 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவில் புயலும் கடலும் சேர்ந்து அழித்துவிட்ட ஊர் அது. கூரையிழந்து நிற்கும் மாதா கோயிலின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் திரும்புவோர் மிகச் சிலரே. அடுத்த முறை அங்குச் செல்லும்போது ஒன்று செய்யுங்கள். படம் எடுத்து முடிந்ததும் சுவருக்கு ஒரு சாண் தொலைவு வரை சென்று, சாந்து உதிர்ந்துபோன இடங்களை உற்றுப் பாருங்கள். அங்கே தெரியும் கல் கருங்கல்லும் அன்று, செங்கல்லும் அன்று. அதன் மேல் சின்னஞ்சிறு விண்மீன்களை நெருக்கமாகப் பொறித்து வைத்தாற்போல் குழிகள் காணப்படும். வேறு சில கற்களில் மூளையின் மடிப்புகளைப் போல வரப்புகள் வளைந்து வளைந்து செல்லும்.

அந்த ஒவ்வொரு விண்மீனும் ஓர் உயிர் குடியிருந்த வீடு. அந்தக் கோயிலைக் கட்டியவர்கள் கல்லைத் தேடி மலைக்குப் போகவில்லை, கடலுக்குள் போனார்கள். தனுஷ்கோடியில் மட்டுமன்று, மன்னார் வளைகுடாவை ஒட்டிய ஊர்கள் பலவற்றிலும் பழைய வீடுகளின் அடித்தளத்தில் இதே கல் கிடக்கிறது. அந்தச் சுவர்களுக்குப் பூசிய சுண்ணாம்பும் பெரும்பாலும் அதே கல்லைச் சுட்டு எடுத்ததுதான். கடலிலிருந்து சுவருக்கு வந்த இந்தக் கல்லின் வரலாற்றையும், அது வந்ததால் கடலோரம் இழந்தது என்ன என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

இருபத்தொரு தீவுகள்

பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே கரையோரமாக ஏறத்தாழ 140 கிலோமீட்டர் நீளத்துக்குத் தீவுகள் ஒரு கோவையாக அமைந்திருக்கின்றன. மண்டபம் பகுதியில் 7, கீழக்கரைப் பகுதியில் 7, வேம்பார்ப் பகுதியில் 3, தூத்துக்குடிப் பகுதியில் 4 என மொத்தம் 21 தீவுகள். இவற்றுள் பெரியது மண்டபத்தை அடுத்த முசல் தீவு. முயல் என்பதைத்தான் நம் மக்கள் முசல் என்கிறார்கள்.

காரியாசல்லி, விலாங்குசல்லி, புலுவினிசல்லி என்று சில தீவுகளின் பெயர்கள் 'சல்லி' என முடிவதைக் கவனியுங்கள். சல்லி என்றால் உடைந்த சிறு கல். பவளப் பாறைகள் அலையில் உடைந்து, மணலோடு சேர்ந்து குவிந்து மேடான இடங்களே இத்தீவுகள். தீவு எதனால் ஆனது என்ற கேள்விக்கு மீனவர்கள் இட்ட பெயரே விடை சொல்லிவிடுகிறது.

இராமேசுவரத்து மீனவர்கள் தீவின் தென்புறக் கடலை 'ஆண் கடல்' என்பார்கள். வடபுறத்துப் பாக்கு நீரிணைப் பக்கத்தைப் 'பெண் கடல்' என்பார்கள். தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடாவின் கொந்தளிப்பைப் பார்த்தவர்களுக்கு இப்பெயரின் காரணம் விளங்கும். அந்த ஆண் கடலின் முரட்டுத்தனத்தைத் தாங்கி நிற்பவை இத்தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள பவளப் பார்களுமே. இதை மறந்துவிடாதீர்கள், பின்னர் இதே இடத்துக்கு நாம் திரும்பி வருவோம்.

முத்தைத் தேடியவர்கள்

இந்தக் கடலை உலகுக்கு அறிமுகப்படுத்தியது பவளம் அன்று, முத்து. பாண்டியரின் கொற்கைத் துறையைக் கிரேக்க, உரோமானிய எழுத்தாளர்கள் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே அறிந்திருந்தனர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ, முத்துக்குளிப்பை விரிவாகவே எழுதி வைத்திருக்கிறார். முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்குப் போகும். சுறாக்களின் வாயை மந்திரத்தால் கட்டுபவருக்கு இருபதில் ஒரு பங்கு போகும் என்பது அவர் தரும் செய்தி. இன்றைக்கு நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் மூச்சை அடக்கிக்கொண்டு, காலில் கல்லைக் கட்டிப் பல பாக ஆழத்துக்கு இறங்கிய மனிதனுக்கு அந்த நம்பிக்கை தேவையாக இருந்தது.

பாண்டியருக்குப் பின் போர்ச்சுகீசியர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று ஆட்சிகள் மாறின. முத்துப் பார்கள் மட்டும் யாருக்கும் கட்டுப்படவில்லை. சில ஆண்டுகள் சிப்பிகள் கொட்டிக் கிடக்கும். பிறகு பல்லாண்டுகள் ஒன்றுமே இராது. இந்தப் புதிரை விடுவிக்க வேண்டும் என்ற வருவாய் ஆசைதான் அறிவியலறிஞரை இக்கடலுக்கு அழைத்து வந்தது என்றால் மிகையாகாது.

சென்னை அரசு அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன், முத்து, சங்கு ஆகியவற்றின் குளிப்பையும் மன்னார் வளைகுடாவின் கடல் உயிர்களையும் பற்றி 1890இல் ஒரு நூல் வெளியிட்டார். 1902இல் இங்கிலாந்துப் பேராசிரியர் ஹெர்ட்மன், தம் துணைவர் ஜேம்ஸ் ஹார்னெல்லுடன் இலங்கைப் பக்கத்து முத்துப் பார்களை ஆராய வந்தார். சிப்பிக்குள் புகும் ஒரு நாடாப்புழுவின் இளம் பருவமே முத்தாகிறது என்று அவர்கள் கருதினர். இக்கருத்து நிலைக்கவில்லை. சிப்பியின் மேலுறையைச் சேர்ந்த உயிரணுக்கள் உடலுக்குள் இடம் பெயர்ந்து ஒரு பையாகி, உள்ளே அடுக்கடுக்காகச் சுண்ணப் பொருளைச் சுரப்பதே முத்து உண்டாகும் வகை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. புழுவோ மணலோ பல காரணங்களுள் ஒன்றாக இருக்கலாம், அவ்வளவே. இந்த உண்மையை அடிப்படையாகக் கொண்டு மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் 1973இல் தூத்துக்குடிப் பகுதியில் வளர்ப்பு முத்தை வெற்றிகரமாக உண்டாக்கினர். அதற்குள் இயற்கை முத்துக்குளிப்பு முடிந்துபோயிருந்தது. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக் குளித்தது 1961ஆம் ஆண்டில்.

உயிரியலாரின் பள்ளிக்கூடம்

முத்தைத் தேடி வந்தவர்கள் அதைவிடப் பெரிய செல்வம் ஒன்றைக் கண்டனர். பாம்பனை அடுத்த குருசடைத் தீவில், கடல் வற்றும் நேரத்தில் முழங்கால் ஆழத்தில் நடந்தாலே விலங்கியல் பாடநூல் முழுவதையும் உயிரோடு பார்த்துவிடலாம். கடற்பஞ்சு, கடற்சாமந்தி, நட்சத்திர மீன், கடல் வெள்ளரி, முதுகெலும்பிகளுக்கும் முதுகெலும்பற்றவற்றுக்கும் இடைப்பட்டதாகப் பேசப்படும் பாலனோகிளாசஸ் என்று எல்லாம் ஒரு சிறு தீவின் ஓரத்தில்! இத்தீவின் கரையோர உயிர்களைப் பற்றிச் சென்னை அருங்காட்சியகம் 1927இல் ஒரு தனி வெளியீடே கொண்டு வந்தது. தமிழகக் கல்லூரிகளின் விலங்கியல் மாணவர் பல தலைமுறையினர் இங்கே களப் பயணம் வந்திருக்கின்றனர். 1947இல் தொடங்கப்பட்ட மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்கு மண்டபம் முகாம் இடமாக அமைந்தது.

இந்த நிலையத்தில் 1960களில் ஓர் இணைக் கடற்பசுக்கள் தொட்டியில் வளர்க்கப்பட்டன. மீனவர் 'ஆவுளியா' என்று அழைக்கும் விலங்கு இது. மீனைப்போல் தோன்றினாலும் பாலூட்டி; கடற்புல்லை மேய்ந்து வாழ்வது; மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டியது. அதன் இறைச்சிக்காக ஒரு காலத்தில் பெருமளவில் வேட்டையாடினார்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு முழுக் காப்பு அளித்தது. எனினும் இந்தியக் கடல்கள் அனைத்திலும் சேர்த்து இன்று எஞ்சியிருப்பவை சில நூறுகளே என்பது மதிப்பீடு. 2022இல் பாக்கு நீரிணையில் 448 சதுர கிலோமீட்டர்ப் பரப்பைக் கடற்பசுக் காப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது.

கல்லா, செடியா, விலங்கா?

பவளத்தைப் பழங்காலத்தார் கடலில் முளைக்கும் செடி என்றனர். 1720களில் பேசோனல் என்ற பிரெஞ்சு மருத்துவர், பவளத்தின் 'பூக்கள்' உண்மையில் சிறு விலங்குகள் என்று கண்டு சொன்னபோது பாரிசு அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. காலம் அவர் பக்கம் நின்றது.

பவள உயிரி ஒரு சிறு பை போன்றது. மேலே ஒரு வாய். வாயைச் சுற்றி உணர்கைகள். கடல்நீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துத் தனக்குக் கீழே சுண்ணக்கல்லால் ஒரு கிண்ணம் கட்டிக்கொள்கிறது. கிண்ணத்தினுள் தடுப்புச் சுவர்கள் மையத்தை நோக்கிச் செல்வதால்தான் நீங்கள் தனுஷ்கோடிச் சுவரில் கண்ட விண்மீன் வடிவம் உண்டாகிறது. ஆயிரக்கணக்கான உயிரிகள் அடுத்தடுத்து வீடு கட்டுகின்றன. கீழ் வீட்டை விட்டு மேல் வீட்டுக்குக் குடிபோகின்றன. அடியில் எஞ்சுவது கல்.

இந்த விலங்குக்குள் நுண்ணிய பாசிகள் தங்கியிருக்கின்றன. அவை ஒளிச்சேர்க்கையால் உணவாக்கித் தம் வீட்டுக்காரருக்கும் கொடுக்கின்றன. பவளத்தின் நிறமும் பெரும்பாலும் அப்பாசிகளால் வருவதே. ஆகவே பவளத்துக்கு ஒளி வேண்டும்; ஆழமற்ற, தெளிந்த, இளஞ்சூடான கடல் வேண்டும். மன்னார் வளைகுடாவில் இதுவரை 117 வகைப் பவளங்கள் பதிவாகியிருக்கின்றன.

பவளக்கல் எவ்வளவு வேகமாக வளர்கிறது? இதற்கு விடை கண்ட வரலாறு இயற்பியல் மாணவர்களுக்குச் சுவையானது. கல்லை மெல்லிய பலகையாக அறுத்து எக்ஸ் கதிரில் படம் பிடித்தால், மர வளையங்களைப்போல அடர்த்தி மிகுந்த பட்டையும் குறைந்த பட்டையும் மாறி மாறித் தெரியும். ஒரு சோடிப் பட்டை ஓர் ஆண்டைக் குறிப்பதா? பசிபிக் கடலின் எனிவெட்டாக் பவளத்தீவில் அமெரிக்கா அணுகுண்டுச் சோதனைகள் நடத்தியிருந்தது. அந்த ஆண்டுகளில் வளர்ந்த பட்டைகளில் கதிரியக்கப் பொருள் சிக்கியிருந்தது. குண்டு வெடித்த நாட்கள் தெரியுமாதலால் பட்டைகளை எண்ணிச் சரிபார்க்க முடிந்தது. சோடிப் பட்டை ஒன்று ஓர் ஆண்டே என்பது 1972இல் உறுதியாயிற்று.

கிளைவிட்டு வளரும் பவளங்கள் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் வரை நீளக்கூடும். உருண்டைப் பாறையாக வளர்பவை ஆண்டுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் பருக்கும். ஒரு சாண் பருமனுள்ள உருண்டைக் கல்லுக்கு ஏறத்தாழ 20 ஆண்டுகள் தேவை என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

காளவாய்க்குப் போன கல்

கடலோரத்தில் மலைக்கல் கிடைப்பதில்லை. பவளக்கல்லோ கைக்கெட்டும் தொலைவில் கிடந்தது. கனம் குறைவு, அறுப்பதும் எளிது. எனவே சிறு அளவில் அதை எடுப்பது தலைமுறை தலைமுறையாக நடந்து வந்தது. 1960களிலிருந்து அளவு மாறியது. வீடு கட்டுவோர் பெருகினர். சுண்ணாம்புக்குத் தேவை பெருகியது. கால்சியம் கார்பைடு போன்ற தொழில்களுக்கும் சுண்ணக்கல் வேண்டியிருந்தது. கடப்பாரையால் நெம்பிக் கல்லைப் பெயர்த்து, வள்ளங்களில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்து குவித்தனர். செத்த கல்லோடு உயிருள்ள பாறையும் சேர்ந்தே வந்தது.

காளவாயில் நடப்பதைப் பள்ளி வேதியியலே சொல்லும். சுண்ணக்கல்லை ஏறத்தாழ 900 பாகை செல்சியசுக்குச் சூடேற்றினால் கார்பன் டையாக்சைடு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தூய கல் 100 கிலோ இட்டால் கிடைப்பது 56 கிலோ; மீதி 44 கிலோ காற்றோடு போய்விடுகிறது. உயிரிகள் இருபது முப்பது ஆண்டுகள் கட்டிய வீட்டை ஒரே சூளையில் கலைத்துவிடுகிறோம்.

கல் எடுத்தவர்களைக் குற்றவாளிகளாகக் காண்பது நேர்மையாகாது. மீன்பாடு இல்லாத மாதங்களில் அடுப்பெரிய வேண்டுமே! அக்காலத்தில் அந்தத் தொழிலைச் சட்டம் தடுக்கவும் இல்லை. கல்லை வாங்கியவர்கள் நாம். சுவருக்கு வெள்ளையடித்தவர்களும் நாம். கடலடியில் கிடக்கும் கல்லுக்கு ஒரு வேலை இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை என்பதே வருந்தத்தக்கது.

விளைவு என்ன? தீவுகளைச் சுற்றியிருந்த சுமார் 110 சதுர கிலோமீட்டர்ப் பவளப் பரப்பில் ஏறத்தாழ 32 சதுர கிலோமீட்டர் சீரழிந்தது என்று 2000களில் எடுத்த கணக்கு கூறுகிறது. இருபத்தொரு தீவுகளுள் தூத்துக்குடிப் பகுதியின் விலாங்குசல்லியும் கீழக்கரைப் பகுதியின் பூவரசன்பட்டியும் நீருக்குள் மூழ்கிவிட்டன. வரைபடத்தில் இன்றும் 21 என்றே எண்ணுகிறோம். படகில் போய் எண்ணினால் இரண்டு குறையும்.

மதிலின் இயற்பியல்

தீவு ஏன் மூழ்க வேண்டும்? இதற்கு ஒரு சிறு கணக்குப் போதும்.

அலையின் ஆற்றல் அதன் உயரத்தின் இருபடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஒரு மீட்டர் உயர அலையில் கடற்பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் சுமார் 1,250 ஜூல் ஆற்றல் இருக்கிறது. அலை இரண்டு மீட்டரானால் ஆற்றல் இரு மடங்கு ஆவதில்லை. நான்கு மடங்காகி 5,000 ஜூலாகிறது. ஐம்பது கிலோ மூட்டையைப் பத்து மீட்டர் உயரத்துக்குத் தூக்கும் வேலை இது. கடலோ இந்த வேலையைச் சில நொடிகளுக்கு ஒரு முறை, இரவு பகல் ஓயாமல் செய்துகொண்டிருக்கிறது.

இனி, அலை எப்போது உடைகிறது என்று பார்ப்போம். நீரின் ஆழம் குறைந்துகொண்டே வந்து, அலையின் உயரத்தைப்போல் ஏறத்தாழ 1.3 மடங்காகும்போது அலை நிலைகுலைந்து நுரைத்து விழுகிறது. கடற்கரையில் நீங்கள் அன்றாடம் காண்பதுதான். ஒரு மீட்டர் ஆழத்தில் பவளப் பார் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். முக்கால் மீட்டருக்கு மேற்பட்ட அலைகளெல்லாம் பாரின் மேலேயே உடைந்துவிடும். தீவை வந்தடைபவை சிற்றலைகளே. அந்தப் பாரிலிருந்து ஒரு மீட்டர்க் கல்லை வெட்டி எடுத்துவிட்டால் ஆழம் இரண்டு மீட்டர் ஆகிறது. இப்போது ஒன்றரை மீட்டர் அலைகூட உடையாமல் கடந்துவிடும். அலை இரு மடங்கு. அதன் ஆற்றல் நான்கு மடங்கு! ஒரே ஒரு மீட்டர்க் கல் அங்கே செய்துகொண்டிருந்த வேலை இதுதான்.

உலகின் பல பகுதிகளில் எடுத்த அளவீடுகளைத் தொகுத்து 2014இல் வெளியான ஓர் ஆய்வு, பவளப் பார்கள் தம்மேல் வரும் அலையாற்றலில் சராசரியாக 97 விழுக்காட்டைத் தணித்துவிடுகின்றன என்று காட்டியது. இத்தகைய மதிலை நாம் சிமெண்டால் கட்டப் புகுந்தால் செலவு எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். அதுவும் தானே வளரும் மதில். உடைந்தால் தன்னைத்தானே செப்பனிட்டுக்கொள்ளும் மதில்!

பெரேலியா கற்பித்த பாடம்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையை நாம் மறக்க முடியாது. நாகையிலும் கடலூரிலும் நேர்ந்த பேரழிவு மன்னார் வளைகுடாக் கரையில் நேரவில்லை. இதற்கு முதற் காரணம் இலங்கைத் தீவு குறுக்கே நின்று தாங்கியதே. அந்தப் பெருமையைப் பவளப் பார்களுக்கு மட்டும் கொடுத்துவிடுவது அறிவியலாகாது.

ஆனால் இலங்கையின் தென்மேற்குக் கரையில் இயற்கையே ஒரு சோதனை நடத்திக் காட்டியது. இக்கடுவை என்ற ஊரில் பவளப் பாறைகள் பாதுகாக்கப்பட்டிருந்தன. அங்கு வந்த அலை இரண்டு மூன்று மீட்டர் உயரமே இருந்தது. கரைக்குள் சுமார் 50 மீட்டர் தொலைவோடு நின்றுவிட்டது. அங்கிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் வடக்கே உள்ள பெரேலியாவில் பவளக்கல்லைப் பெருமளவு வெட்டி எடுத்திருந்தார்கள். அங்கே அலை பத்து மீட்டர் உயர்ந்து, ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே பாய்ந்தது. நின்றுகொண்டிருந்த இரயில் வண்டியைப் புரட்டிப் போட்டு ஆயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொன்றது. உலக இரயில் விபத்துக்களுள் அதைவிடக் கொடியது இல்லை. கடலடியின் அமைப்பு போன்ற பிற காரணங்களும் சேர்ந்திருக்கும். என்றாலும் மதிலில் திறந்த வாசலில்தான் வெள்ளம் புகும் என்பதை ஆய்வாளர்கள் அங்கே நேரில் கண்டனர்.

சட்டம் பல ஆண்டுகளாகச் சொல்லியும் முழுமையாக நிற்காத கல்லெடுப்பு, ஆழிப்பேரலைக்குப் பிறகு நம் கரையில் நின்றுபோயிற்று. கல்லின் வேலை என்ன என்பதை மக்களே உணர்ந்துகொண்டார்கள்.

சட்டம் வந்தது, வெப்பமும் வந்தது

1986இல் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் சேர்ந்து 560 சதுர கிலோமீட்டர்ப் பரப்பு கடல்சார் தேசியப் பூங்காவாயிற்று. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர்ப் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2001இல் பவளங்கள் வன உயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம் பெற்றன. அதாவது, சட்டத்தின் முன் ஒரு துண்டுப் பவளமும் புலியும் ஒன்று.

சட்டம் வந்ததால் எல்லாருக்கும் நன்மை என்று சொல்லிவிட முடியாது. தீவுகளைச் சுற்றிக் கடற்பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்கள் பலர் இக்கரையில் இருக்கின்றனர். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி அணிந்து, மூச்சடக்கி மூழ்குபவர்கள். பாட்டி காலத்திலிருந்து சென்று வந்த இடம் ஒரு நாள் தடை செய்யப்பட்ட பகுதியாகிவிட்டது. அவர்களோ மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே பாசி எடுப்பது, இரும்புக் கருவியால் பாறையைச் சுரண்டாமல் கையாலேயே பறிப்பது எனத் தாங்களே முறை வகுத்துக்கொண்டனர். காப்பது என்பது வேலி போடுவதோடு முடிவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கல்லெடுப்பு நின்றது, ஆனால் வேறொரு பகை வந்து சேர்ந்தது. கோடையில் கடல்நீரின் வெப்பம் 30, 31 பாகையைக் கடந்து பல நாட்கள் நீடித்தால், பவளம் தன்னுள் வாழும் பாசிகளை வெளியேற்றிவிடுகிறது. நிறமும் போய், உணவும் போய், வெளுத்துப் பட்டினி கிடக்கிறது. நீர் விரைவில் குளிர்ந்தால் பிழைத்துக்கொள்ளும், இல்லையேல் மடியும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இத்தகைய பெரு வெளுப்பு நேர்ந்தது. 2016க்குப் பிறகு, கடலடியில் உயிருள்ள பவளம் போர்த்தியிருந்த பங்கு சுமார் 39 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காடாகக் குறைந்துவிட்டது. முதல் பகைவன் கையில் கடப்பாரை இருந்தது. அவனிடம் பேச முடிந்தது. இந்தப் பகைவனோ எங்கோ எரியும் நிலக்கரியிலும் எண்ணெயிலும், நம் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியிலும் இருக்கிறான்.

நம்பிக்கைக்கும் இடமிருக்கிறது. தூத்துக்குடியை அடுத்த வான் தீவு 1960களின் இறுதியில் சுமார் 20 ஹெக்டேர் பரப்புடையதாக இருந்தது; 2015இல் சுமார் இரண்டு ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது. இன்னும் சில ஆண்டுகளில் அதுவும் விலாங்குசல்லி வழியில் போயிருக்கும். சென்னை ஐ.ஐ.டி.யும் தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனமும் வகுத்த திட்டப்படி, அரசு அத்தீவின் கடல்முகப்பில் சிமெண்டுக் கட்டமைப்புகளை ஆயிரக்கணக்கில் இறக்கியது. அலை அங்கே உடைந்தது. மணல் தங்கத் தொடங்கியது. தீவு மெல்ல வளர்ந்தது. கட்டமைப்புகளின் மேல் பவளமும் குடியேறியது. நாம் பெயர்த்தெடுத்த மதிலின் இடத்தில் நாமே ஒரு மதில் வைக்க வேண்டியதாயிற்று!

போனால் என்ன பார்க்கலாம்?

தீவுகளில் இறங்க அனுமதி வேண்டும். குருசடைத் தீவுப் பகுதிக்கு வனத்துறையின் ஏற்பாட்டில் படகில் சென்று வரலாம். மாரிக்காலம் கழிந்து கடல் தெளிந்திருக்கும் சனவரி முதல் மார்ச்சு வரையிலான மாதங்கள் இதற்கு ஏற்றவை. பாம்பன் பாலத்தின் மேலிருந்து பார்த்தாலே ஆண் கடலும் பெண் கடலும் நிறத்தாலும் அலையாலும் வேறுபடுவது தெரியும். பனிக்காலத்தில் தனுஷ்கோடிப் பக்கத்துச் சேற்று நீர்ப் பரப்புகளில் பூநாரைகள் கூட்டமாக இறங்கியிருக்கும். வடநாடுகளிலிருந்து வந்த உள்ளான்கள் ஈர மணலைக் குத்திக்கொண்டு ஓடும். ஆவுளியாவைக் காண்பது பெரும் பேறு. அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

பவளத்தின் மேல் கால் வைக்காதீர்கள். உங்கள் ஒரு மிதி ஒரு கிளையின் பல்லாண்டு வளர்ச்சியை முறித்துவிடும். யாரேனும் பவளத் துண்டை விலைக்குக் கொடுத்தால் வாங்காதீர்கள். விற்பதும் வாங்குவதும் குற்றம்.

கடைசியாக மீண்டும் தனுஷ்கோடிச் சுவருக்கு வருவோம். இப்போது அந்தக் கல்லை வேறு கண்ணோடு பார்ப்பீர்கள். ஒரு சாண் கல்லில் இருபது கோடைகளும் இருபது மாரிகளும் எழுதப்பட்டிருக்கின்றன. கடலில் இருந்த வரை அது அலையை உடைத்துக்கொண்டிருந்தது. கோயிலுக்கு வந்த பிறகு கூரையைத் தாங்கியது. 1964இல் வந்த புயலைப் பவளப் பார் முழுதாக இருந்திருந்தாலும் நிறுத்தியிருக்க முடியாது. ஆனால் புயலில்லாத நாட்களில், ஆண்டுக்கு முந்நூற்றுக்கு மேற்பட்ட நாட்களில், கரையை ஒரு கைப்பிடி மணலாவது குறையாமல் காத்திருக்கும். உங்களோடு பிள்ளைகள் வந்திருந்தால் அந்த விண்மீன்களை எண்ணச் சொல்லுங்கள். எண்ணி முடித்ததும், பெயர்ந்து விழும் நிலையில் ஒரு துண்டு இருந்தால்கூட அதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.